உப்புவெளியில் கோதுமை: பூரண வழிகாட்டி

எந்தப் பயிர் வைப்பதானாலும் முதலில் மண்ணைப் பரிசோதிக்க வேண்டும் என்பார்கள். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளிக்காரருக்கு அந்தச் செலவு மிச்சம். ஊர்ப்பெயரே பரிசோதனை அறிக்கை. ஆய்வுகூடம் எதுவும் இல்லாத காலத்தில் எங்கள் மூத்தவர்கள் மண்ணை நாக்கில் வைத்துப் பார்த்து, முடிவை ஊர்ப்பெயராகவே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை வாசித்த பிறகும் இங்கே கோதுமை விதைக்க ஒருவர் ஆசைப்பட்டால் அவருக்கு உதவத்தான் இந்த வழிகாட்டி. இதுவரை ஆசைப்பட்டவர், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். ஆகவே கீழே உள்ளதெல்லாம் சொந்த அனுபவம்.

ஆசை வந்தது 2022 ஜூனில். வரிசைகளின் காலம் அது. பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. கையில் டொலர் இல்லை; உக்ரேனில் சண்டை; கோதுமை கடன் கேட்கக்கூடிய பக்கத்து வீடான இந்தியாவும் மே 13ஆம் திகதி ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. றாத்தல் பாணின் விலை ஒரு வருடத்துக்குள் இரண்டு மடங்கையும் தாண்டி ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அரசாங்கம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் லீவு தந்தது, வீட்டில் இருந்து ஏதாவது பயிர் செய்யுங்கள் என்று. நான் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். வெள்ளிக்கிழமை வீட்டில் சும்மா இருப்பவனுக்கு வேலை தானாகத் தேடிவரும் என்பது கலியாணம் செய்த எல்லோருக்கும் தெரியும். அது வருவதற்கு முன் நானே ஒன்றைத் தொடங்கிவிட வேண்டியிருந்தது. சுற்றிவர எல்லோரும் மரவள்ளி, கத்தரி, கீரை என்று இறங்கிவிட்டார்கள். தட்டுப்பாடு பாணுக்குத்தானே, நேரே பாணையே விதைத்தால் என்ன என்று நான் யோசித்தேன். வீட்டுக்குப் பின்னால் கால் ஏக்கர் மணல் கிடந்தது.

விதை தேடுவது சுலபம். புறாத்தீன் விற்கிற கடைக்குப் போய்க் கோதுமை மணி கேளுங்கள். கடைக்காரர் "எத்தனை புறா?" என்று கேட்பார். "விதைக்கப் போகிறேன்" என்று சொல்ல வேண்டாம். "பன்னிரண்டு" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கோதுமைக்கும் இந்த மாவட்டத்துக்கும் உறவு இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சீனக்குடாவில், துறைமுகத் தண்ணீரை ஒட்டியபடி, 1980 முதல் பிறிமா மா ஆலை நிற்கிறது. கோதுமைக் கப்பல் அதன் சொந்த இறங்குதுறையிலேயே வந்து கட்டும். தொடக்க காலத்து ஏற்பாடு இப்படி: கோதுமை அரசாங்கத்தினுடையது, அரைப்பது சிங்கப்பூர்க் கம்பனி, அரைகூலிக்குப் பதில் தவிட்டைக் கம்பனி வைத்துக்கொள்ளும். ஊர் மில்லில் நெல்லுக் குத்தக் கொடுத்துவிட்டுத் தவிட்டுக்குச் சண்டை பிடிக்கிற எங்கள் ஆச்சிமார் இந்த ஒப்பந்தத்தைக் கேள்விப்பட்டிருந்தால், கம்பனியின் கெட்டித்தனத்தை முதலில் மெச்சியிருப்பவர்கள் அவர்கள்தான். ஆண்டுக்குப் பத்து லட்சம் தொன் அளவில் கோதுமை இந்த நாட்டுக்கு வருகிறது. அதில் பெரும்பங்கு அரைபடுகிற மாவட்டத்தில் ஒரு கோதுமைத் தாள்கூட முளைத்து நிற்பதை யாரும் கண்டதில்லை. மாட்டைக் காணாமலே பால்மா குடித்து வளர்கிற பிள்ளைகளைப் போலத்தான் நாங்களும்.

எங்கள் கோப்பைக்குக் கோதுமை வந்த வழியும் உப்புவெளிக்குப் பக்கத்திலேயே கிடக்கிறது. நிலாவெளி வீதியில் யுத்த மயானத்தைக் கடக்காமல் நீங்கள் கடற்கரைக்கு வந்திருக்க முடியாது. 1942இல் யப்பான்காரன் பர்மாவைப் பிடித்தான்; ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலைக்கும் வந்து குண்டு போட்டான். பர்மா போனதோடு இலங்கை நம்பியிருந்த பர்மா அரிசியும் நின்றுபோயிற்று. அரிசி பங்கீட்டுக்குப் போக, அந்த இடத்தில் கோதுமை மா வந்து உட்கார்ந்தது. போர் முடிந்த பிறகும் அது எழும்பவில்லை. ரொட்டி, பாண், இடியப்பம், புட்டு என்று எல்லாவற்றுக்குள்ளும் புகுந்து, கடைசியில் கொத்துரொட்டியாகி, இரவு எட்டு மணிக்கு ஊரையே தகரச் சத்தத்தால் எழுப்புகிற அளவுக்கு உரிமை பெற்றுவிட்டது. அந்த மயானத்தைப் பற்றி இன்னொன்று: இந்தப் பகுதியில் ஒழுங்காகத் தண்ணீரும் கவனிப்பும் கிடைக்கிற புல் அங்கேதான் இருக்கிறது. உயிரோடு இருப்பவர்களின் வளவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

தண்ணீர்

இனிக் கணக்கு. கோதுமை விதைத்ததிலிருந்து அறுக்கும்வரை குடிக்கிற தண்ணீர் குறைந்தது 450 மில்லிமீற்றர். இடத்தைப் பொறுத்து 650வரை போகும். குறைந்ததையே வைத்துக்கொள்வோம். கால் ஏக்கர் என்பது ஆயிரத்துச் சொச்சம் சதுர மீற்றர். ஆகவே ஏறத்தாழ நாலரை லட்சம் லீட்டர். பத்து லீட்டர் வாளியால் அள்ளினால் நாற்பத்தையாயிரம் வாளி. நூறு நாள் பயிர் என்றால் நாளுக்கு நானூற்றைம்பது. இதை மனைவிக்குச் சொல்லும்போது "வாளி" என்ற சொல்லைத் தவிர்த்து "கன மீற்றர்" என்று சொல்லுங்கள். வெறும் நானூற்றைம்பதுதான் வரும். ஐயாயிரம் லீட்டர் பவுசர் பிடித்தால் தொண்ணூறு பவுசர். விளைச்சல் பஞ்சாப் பக்கம்போல் நன்றாக வந்து, அதை மாவாக்கி, பாண் சுட்டால் ஒவ்வொரு றாத்தல் பாணுக்குள்ளும் ஏறத்தாழ நானூறு லீட்டர் தண்ணீர் நிற்கும். காலையில் சம்பலோடு நாலு துண்டு சாப்பிடும்போது எங்கோ ஒரு நாட்டின் மழையைத்தான் விழுங்குகிறோம். சீனக்குடாவில் கட்டுகிற ஒவ்வொரு கோதுமைக் கப்பலும் காய்ந்த மணியாக மடித்துக் கட்டப்பட்ட ஒரு குளம். இதை உணர்ந்த அன்றே நான் முயற்சியை நிறுத்தியிருக்கலாம். லீவு அடுத்த வெள்ளியும் இருந்தது.

கிணற்றை நம்பி இறங்குபவர்கள் கவனிக்க. கடற்கரை மணலுக்குக் கீழே இருக்கிற நல்ல தண்ணீர், உப்புத்தண்ணீரின் மேலே எண்ணெய்போல மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர், கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடிவரை நன்னீர் இருக்கும். இதைக் கேட்டுச் சந்தோசப்படுகிறவர்கள் கணக்கை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும்: மோட்டர் பூட்டி அந்த ஒரு அடியை இறைத்துவிட்டால் கீழே இருந்து உப்பு நாற்பதடி ஏறத் தொடங்கும். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையோரம் முழுக்க இதை நேரில் படித்தது. கடல் புகுந்த கிணறுகளைத் துப்புரவாக்குகிறோம் என்று இறைத்த இடங்களில், இறைக்க இறைக்க உப்பு கூடிய கிணறுகள் உண்டு. அவற்றைத் திருத்தியது பிறகு பெய்த மாரி மழை. ஆகவே வழிகாட்டியின் இந்தப் பகுதிக்குரிய ஆலோசனை: கிணற்றை ஒன்றும் செய்யாதீர்கள். அது சும்மா இருக்கும்போதுதான் நன்றாக வேலை செய்கிறது. கந்தோரில் எங்களில் சிலரைப் பற்றியும் இப்படிச் சொல்வதுண்டு.

உப்பைப் பற்றி அளவுக்குமேல் பயப்படவும் வேண்டாம். உப்பைத் தாங்குவதில் நெல்லைவிடக் கோதுமை கெட்டி. நெல் முகம் சுளிக்கிற உவரைக் கோதுமை சகித்துக்கொண்டு வளரும். ஊர்ப்பெயரில் தோற்றுப்போனேன் என்று நினைத்த எனக்கு இந்தச் செய்தி பெரிய ஆறுதல். கோதுமையை இங்கே கொல்வது உப்பு இல்லை, கச்சான்.

வெளியூர்க்காரருக்காக: எங்களுக்குக் கச்சான் என்றால் இரண்டு. ஒன்று வறுத்துச் சுருளில் கட்டித் தருகிற நிலக்கடலை. மற்றது மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கிலிருந்து மலைகளைத் தாண்டி, ஈரத்தையெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, வெறும் சூட்டை மட்டும் சுமந்துகொண்டு வருகிற காற்று. முதல் கச்சான் இந்த மணலில் விளையும். இரண்டாம் கச்சான் வேறு எதையும் விளைய விடாது. கோதுமை குளிர்காலப் பிள்ளை. இராத்திரிக் குளிரில் கிளைவிட்டு, பால் பிடிக்கிற நேரத்தில் இளவெயில் கேட்கும். அப்போது முப்பது பாகைக்கு மேல் சூடு ஏறினால் மணி சுருங்கிவிடும். ஜூனில் நான் விதைத்தேன். ஐந்தாம் நாள் முளைத்தது. ஒன்பதாம் நாள் பார்த்தபோது எல்லாம் அறுவடைக்குத் தயாரான பொன்னிறத்தில் நின்றது. உயரம் இரண்டு அங்குலம்.

மாரி காலத்தில் விதைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒக்டோபரில் தொடங்கி ஜனவரிவரை, வருடத்து மழையின் பெரும்பகுதி அந்த நாலு மாதத்தில்தான் கொட்டும். தண்ணீர் நிற்கிற இடத்தில் நெல் நீந்தும், கோதுமை மூச்சுமுட்டிச் சாகும். ஆகவே மழைக்கும் கச்சானுக்கும் நடுவில் உள்ள சிறிய இடைவெளியில் பயிர் முழுவதையும் முடித்துவிட வேண்டும். அப்படியொரு இடைவெளி பஞ்சாபில் இருக்கிறது. நீலகிரியிலும் இருக்கிறது, அங்கே வெலிங்டனில் கோதுமைக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் நடத்துகிறார்கள். எங்களுக்கு அது மாசி மாதத்தில் ஏறத்தாழ ஒன்றரைக் கிழமை.

தண்ணீர் தட்டுப்பாடான இடத்தில் கோதுமைக்கு எப்போது பாய்ச்சுவது என்பதில் வட இந்தியக்காரர்களின் ஒழுங்கு உண்மையிலேயே நல்லது. விளையாட்டை விட்டுவிட்டுச் சொல்கிறேன். ஒரே ஒரு தண்ணீர்தான் கைவசம் என்றால் விதைத்து மூன்று வாரத்தில், தண்டின் அடியிலிருந்து புது வேர் விடுகிற நேரத்தில் கொடுத்துவிட வேண்டும். அந்த வேர் தவறினால் பிறகு எவ்வளவு ஊற்றியும் கிளை வராது. மூன்று தண்ணீர் கிடைத்தால் புது வேருக்கு ஒன்று, கதிர் உறைக்குள் திரளும்போது ஒன்று, பால் பிடிக்கும்போது ஒன்று. பசிக்கிற எல்லா நேரமும் ஊட்டாமல், ஊட்டாவிட்டால் பிள்ளை தேறாது என்கிற நேரத்தில் மட்டும் ஊட்டுவது. இதைப் படித்ததும் எனக்குப் பெரிய உற்சாகம் வந்தது. தம்பலகாமத்தில் வயல் செய்கிற மச்சானிடம் போய் இதை விளக்கினேன்.

அவன் முழுவதையும் கேட்டான். பிறகு, "மச்சான், எந்த நேரம் குடுக்க வேணுமெண்டு பயிருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். துருசுக்குத் தெரியுமோ?" என்றான்.

இந்த இடத்தில் கோதுமையைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்க வேண்டியிருக்கிறது. தண்ணீர் முகாமைத்துவம் என்பதைச் செயல்முறையாகப் படிக்க விரும்புகிறவர் கந்தளாய்க் குளத்தின் கீழே சிறுபோகத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்க வேண்டும். குளத்தைக் கட்டியவர் ஏழாம் நூற்றாண்டின் இரண்டாம் அக்கபோதி என்று ஒரு வரலாறு. கோணேசர் கோயில் வயலுக்காகக் குளக்கோட்டன் கட்டினான் என்று எங்கள் வரலாறு. அந்த வழக்கு முடியாது, முடியவும் வேண்டாம். இரண்டு மன்னர்களும் இறங்கிவந்தாலும் இன்றைக்குப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் பின்வரிசைக் கதிரைதான் கிடைக்கும். முன்வரிசை திணைக்களங்களுக்கு.

கூட்டத்துக்குப் போகிறவருக்கு ஆலோசனை: நேரத்தோடு போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள். குளத்தில் எத்தனை அடி தண்ணீர், எத்தனை ஏக்கர் விதைக்கலாம், முதல் தண்ணீர் எந்தத் திகதி, விதைப்பு முடியும் கடைசித் திகதி எது, துருசு என்கிற குளத்து மதகைப் பூட்டுவது எப்போது என்று எல்லாம் அங்கே தீர்மானமாகும். தண்ணீர் குறைந்த வருடங்களில் குளத்துக்குக் கிட்டவுள்ள கண்டங்களை மட்டும் விதைத்து, தூரத்து வயல்காரருக்கும் அந்த நிலத்திலேயே துண்டு பிரித்துக் கொடுக்கிற பழைய வழக்கம் ஒன்று உண்டு. சிங்களத்தில் பெத்ம என்பார்கள். தண்ணீரைக் காணியிடம் கொண்டுபோக முடியாதபோது காணிக்காரனைத் தண்ணீரிடம் கொண்டுவருவது. எந்தப் பொறியியல் படிப்பும் இல்லாமல் கிராமம் கண்டுபிடித்த இதைவிட நாகரிகமான நீர்ப்பாசனத் தொழில்நுட்பம் ஒன்றை நான் இதுவரை கேள்விப்படவில்லை. இதைப் பற்றி மட்டும் எனக்குப் பகிடி வருவதில்லை.

கூட்டம் முடிந்ததும் கூட்டத்தின் தீர்மானம் வாய்க்காலில் இறங்கும். இறங்கும்போது மெலியும். மேல்வாய்க்கால்காரன் வயலில் முழங்கால் தண்ணீர். கடைக்கண்டத்துக்காரன் வாய்க்காலில் தவளை. உங்கள் தண்ணீர் முறை பகலில் வருமென்று எதிர்பார்க்காதீர்கள். அது இரவு இரண்டு மணிக்குத்தான் வரும். மண்வெட்டியும் டோர்ச்சும் எடுத்துக்கொண்டு போங்கள். வரம்பில் பாம்பு இருக்கும், வரம்பை வெட்டி உங்கள் தண்ணீரைத் திருப்பிக்கொண்டு ஒரு உறவினரும் இருப்பார். பாம்புக்கு வழிவிடுங்கள். உறவினரிடம் "என்ன அண்ணை, நித்திரை வரேல்லையோ?" என்று மட்டும் கேளுங்கள். அதற்குமேல் கேட்டால் அடுத்த கலியாண வீட்டில் சிக்கல்.

சிரித்துக்கொண்டே சொல்லக் கூடாத இடங்களும் இந்த மாவட்டத்தின் வாய்க்கால் வழியில் இருக்கின்றன. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய் அணை உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் நித்திரையிலேயே போனார்கள். 2006 ஜூலையில் மாவிலாற்றுத் துருசு பூட்டப்பட்டது. கீழே ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தண்ணீர் நின்றது, அந்த வாய்க்காலிலிருந்து கடைசி யுத்தம் தொடங்கிற்று. எங்கள் பக்கத்தில் ஒருவர் துருசைப் பார்க்கப் போகிறேன் என்றால் வீட்டில் உள்ளவர்கள் அவர் திரும்பிவரும்வரை விளக்கை அணைக்காததற்குக் காரணம் பாம்பு மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

மச்சானுக்குப் புது முறை ஒன்றும் சொல்லிக்கொடுத்தேன். நெல் வயலில் எப்போதும் தண்ணீர் கட்டிவைக்கத் தேவையில்லை. துளைபோட்ட பீ.வீ.சீ. குழாய் ஒன்றை வயலுக்குள் இறக்கி, உள்ளே எட்டிப் பார்க்க வேண்டும். தண்ணீர் நிலமட்டத்துக்குக் கீழே பதினைந்து சென்ரிமீற்றர் இறங்கும்வரை விட்டு, பிறகு மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கிற காலத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். விளைச்சல் குறையாமலே கணிசமான தண்ணீர் மிஞ்சும். பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தார் பல நாடுகளில் செய்துகாட்டியது. குழாய்த்துண்டு ஒன்றை நானே வாங்கி, துளை போட்டு, பரிசாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நல்ல சாமான்தான்" என்றான். "தண்ணி இறங்கும்வரை விடச் சொல்றாய். இறங்கின நாளிலை என்ரை முறை வருமெண்டு ஆர் எழுதித் தாறது? வராட்டி உன்ரை குழாய்க்குள்ளை நான் என்னத்தைப் பாக்கிறது? அதாலைதான் மச்சான், வாற நேரத்திலை வரம்பு முட்டக் கட்டிவைக்கிறம். நாங்கள் தண்ணி தெரியாத ஆக்கள் இல்லை."

குழாய் இப்போது அவன் வீட்டு முற்றத்தில் கொடிக்கம்பமாக நிற்கிறது. துணி நன்றாகக் காய்கிறது, துளைகளுக்குள் காற்றுப் போவதால்.

பசளை

கோதுமைக்கு ஹெக்டேயருக்கு 120 கிலோ நைதரசன் என்பது இந்தியச் சிபாரிசு. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. ஆகவே என் கால் ஏக்கருக்கு இருபத்தாறு கிலோ, அரை மூடைக்குச் சற்று மேலே. பாதியை விதைக்கும்போது மண்ணுக்குள், மீதியை மூன்றாம் கிழமைத் தண்ணீரோடு. கச்சானில் காய்ந்த மணலுக்கு மேலே யூரியாவைத் தூவி விட்டீர்களென்றால் அது அமோனியாவாகி மூக்குக்குப் போகும், பயிருக்குப் போகாது. ஒரேயடியாக ஊற்றினாலோ மணல் வழியே நைத்திரேற்றாக இறங்கிக் கிணற்றுக்குப் போகும். அடுத்த போகம் முழுக்க உங்கள் தேத்தண்ணிக்குப் பசளை போட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீரும் பசளையும் புருசன் பெண்சாதி மாதிரி. ஒருவர் வராத வீட்டில் மற்றவர் செய்கிற செலவெல்லாம் வீண்.

சாஸ்திரம் இவ்வளவுதான். இனி அரை மூடை யூரியாவை எப்படிப் பெறுவது என்பதைப் பார்க்க வேண்டும், அதற்கு விவசாயப் படிப்பு உதவாது. நாட்டு வரலாறு தெரிந்திருக்க வேண்டும்.

2005இல் நெல்லுக்குரிய பசளை ஐம்பது கிலோ மூடை 350 ரூபாய். 2020இல் அது வயல்காரருக்கு இனாம் என்று வந்தது. 2021 ஏப்ரல் கடைசியில் அமைச்சரவை முடிவெடுத்து, மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை இறக்குமதி தடை, நாடு முழுக்க இனிச் சேதனப் பயிர்ச்செய்கை. இனாமிலிருந்து இல்லை என்பதற்கு அதிக காலம் பிடிக்கவில்லை. சேதனப் பசளை நல்லதா கெட்டதா என்று என்னிடம் கேட்காதீர்கள். மாட்டெருவின் பெருமை தம்பலகாமத்துக்குத் தெரியாததில்லை. ஒரே இரவில் இருபது லட்சம் ஏக்கருக்கு மாடு எங்கேயிருந்து வரும் என்பதுதான் தெரியவில்லை.

மாடு கப்பலில் வந்தது. சரியாகச் சொன்னால், சீனாவிலிருந்து ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பலில் சேதனப் பசளை வந்தது. மாதிரியைப் பரிசோதித்தவர்கள் பயிரைக் கெடுக்கிற கிருமி இருக்கிறது, இறக்க விடமாட்டோம் என்றார்கள். விற்றவர்கள் அப்படியொன்றும் இல்லை என்றார்கள். கப்பல் கரைக்கு வராமல் இலங்கையைச் சுற்றிச் சுற்றி நின்றது. கடைசியில் பசளை இறங்கவில்லை. 67 லட்சம் டொலர் மட்டும் 2022 ஜனவரியில் ஏறிப் போயிற்று. நடுவில், 2021 ஒக்டோபரில், இந்தியாவிலிருந்து நனோ நைதரசன் விமானத்தில் வந்தது. பசளை விமானத்தில் பறந்துவந்ததை நம்ப மறுத்த பெரியவர் ஒருவர், "அப்ப விதைநெல்லு ரொக்கற்றிலையோ?" என்று கேட்டார். நவம்பர் கடைசியில் தடை நீங்கியது. பயிருக்கு நீங்கவில்லை, அதன் மூன்றாம் கிழமை, ஐந்தாம் கிழமை எல்லாம் யூரியா இல்லாமலே கடந்துவிட்டன. அந்தப் பெரும்போகத்தின் நெல் நாடெங்கும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. மச்சானின் வயல் சராசரிக்கு மரியாதை கொடுத்து அதைவிடக் கொஞ்சம் கூடவே விழுந்தது.

பிறகு கறுப்புச் சந்தையில் யூரியா மூடை முப்பதாயிரம், நாற்பதாயிரம் என்று விற்றது. 2022 ஜூலையில் இந்தியக் கடனில் வந்த யூரியாவைக் கமநல சேவை நிலையத்தில் பத்தாயிரத்துக்குக் கொடுத்தபோது அதை மலிவு என்று சொல்லிச் சனம் வரிசையில் நின்றது. இந்த நேரத்து அரசியலில் ஒரு துண்டு எங்கள் ஊருக்கும் கிடைத்தது: மே மாதம் பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச, கொழும்பிலிருந்து வந்து தங்கியது திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். துறைமுகம் எதையும் ஏற்கும். கோதுமை, எண்ணெய், முன்னாள் பிரதமர். சேதனப் பசளையைத்தான் இந்தப் பக்கம் யாரும் கொண்டுவந்து பார்க்கவில்லை.

நான் கோதுமைக்கென்று அரை மூடை கேட்டு மச்சானிடம் போனது இந்தக் காலத்தில். அவனிடம் இருந்தது எனக்குத் தெரியும். 2020 இனாம் பசளையில் ஒரு முழு மூடையை அவன் போடாமல் வைத்திருந்தான். வாங்கின வருடமே அந்த வயல் பசளை கேட்டது, அவன் கொடுக்கவில்லை. அடுத்த வருடம் தவித்தது, அப்போதும் கொடுக்கவில்லை. சாக்கைச் சாமியறைக்குள், பெட்டகத்துக்குப் பின்னால், சேலை போட்டு மூடி வைத்திருந்தான். யாருக்கும் சொல்லாத இரகசியம் என்பதால் தம்பலகாமம் முழுக்கத் தெரியும்.

"கோதுமைக்கோ?" என்றான். "பாண் வேணுமெண்டால் சொல்லு, கடையிலை வாங்கித் தாறன்."

ஆகவே இரண்டாம் முயற்சியை, 2023 ஜனவரியில், பசளை இல்லாமல் செய்தேன். இந்த முறை கால் ஏக்கர் இல்லை. ஓட்டையான ஒரு குளிக்கிற பேசின், அதற்குள் செம்மண்ணும் மாட்டெருவும். மாட்டெருவுக்கு உப்புவெளியில் பஞ்சமில்லை. கடற்கரையில் வெள்ளைக்காரருக்குப் பக்கத்தில் படுத்திருக்கிற மாடுகள் அதை இலவசமாகவே விட்டுவிட்டுப் போகின்றன. இருபத்தோராம் நாள் முதல் தண்ணீர், சாஸ்திரப்படி. கதிர் திரளும்போது இரண்டாவது. பால் பிடிக்கும்போது மூன்றாவது, அதைக் கொடுத்த அன்று பின்னேரம் மாடு ஒன்று வேலிக்கு மேலால் தலையை நீட்டி, பேசினில் பாதியை ஒரே வாயில் எடுத்துக்கொண்டது. தன் எருவுக்கு அரைகூலி என்று நினைத்திருக்கும். பிறிமா ஏற்பாட்டைவிட விகிதம் கொஞ்சம் கூட.

மிஞ்சியதைப் பங்குனியில் கத்தரிக்கோலால் அறுத்தேன். உதிர்த்தபோது ஒரு தீப்பெட்டி நிறைய வந்தது. தீப்பெட்டியோடு பஸ் ஏறித் தம்பலகாமம் போனேன்.

மச்சான் மணிகளை உள்ளங்கையில் கொட்டி, ஊதி, சப்பியைப் பறக்கவிட்டான். பாதிக்கு மேல் பறந்துவிட்டது. மீந்ததை விரலால் புரட்டிப் பார்த்தான். வயல்காரன் எந்தத் தானியத்தையும் பகிடியாகப் பார்ப்பதில்லை. ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்து, "காய்ஞ்சிருக்கு" என்றான். பிறகு, "பசளை காணாது" என்றான்.

"நீதானே தரேல்லை."

அவன் ஒன்றும் பேசாமல் எழும்பிச் சாமியறைக்குள் போனான். பின்னாலேயே நானும் போனேன். சேலையை விலக்கி, சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டினான். மூன்று மாரியின் ஈரத்தைக் குடித்து மூடை முழுக்க ஒரே கல்லாக இறுகிக் கிடந்தது. சுத்தியல் இல்லாமல் ஒரு பிடி எடுக்க முடியாது.

"உடைச்சுக் கரைச்சால் இப்பவும் போடலாமாம்," என்றேன். "இப்ப கடையிலையும் கிடைக்குதுதானே. இதை ஏன் இன்னும் வைச்சிருக்கிறாய்?"

அவன் சாக்கைக் கட்டி, சேலையை முன்னிருந்ததுபோலவே இழுத்து மூடினான். உள்ளேயிருந்து மச்சாள் தேத்தண்ணியும் பாணும் கொண்டுவந்து, வைக்க இடம் தேடி, அந்த மூடையின் மேலேயே தட்டை வைத்துவிட்டுப் போனாள்.

"கிடக்கட்டும்," என்றான். "சாப்பிடு."